ஆழத்தை அளக்கத் தூரம் வேண்டும்

(தஞ்சாவூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



திருச்சியில் மலைக்கோட்டை நிற்கிறது. 83 மீட்டர் உயரப் பாறை. அங்கிருந்து ரயிலேறித் தஞ்சாவூருக்கு வருகிறோம். திருவெறும்பூர்க் குன்றைத் தாண்டியதும் பாறை நம் கண்ணை விட்டுப் போய்விடுகிறது. வல்லம் மேட்டில் செம்புறாங்கல் உண்டு. அதற்கும் கீழே கடலூர் மணற்கல். தஞ்சைக்குக் கிழக்கே போகப் போக அதுவும் புதைந்து, கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம் என்று கடற்கரை வரைக்கும் வண்டல்தான். அம்மி கொத்துவதற்குக்கூட இங்கே கல் கிடைக்காது, வெளியிலிருந்துதான் வர வேண்டும். 1010-ல் முடிந்த பெரிய கோயிலின் கல் முழுவதும் அப்படி வந்ததுதான்.

அந்தத் திருச்சிப் பாறை எங்கே போயிற்று? கீழே போயிற்று. எவ்வளவு கீழே? அது ஒரு கேள்வி. கீழே போன அந்தப் பாறைத் தளம் எத்தனை கிலோமீட்டர் கனம், அதற்கு அடியில் என்ன இருக்கிறது? இது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு விடை தேடி எண்ணெய்க்காரர்கள் இங்கே அறுபது ஆண்டுகளாகத் துளை போட்டுப் பார்த்துவிட்டார்கள். இரண்டாவது கேள்விக்குத் துளை பயன்படாது. இன்றைய பேச்சு பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

பூமியின் மேலோட்டுக்கு ஒரு கனம் உண்டு, அது இடத்துக்கு இடம் மாறும் என்ற எண்ணம் பிறந்த வரலாற்றில் இந்த ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1802-ல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு ஒன்றை அளந்துகொண்டு, வில்லியம் லாம்டன் தென்னாட்டை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கினார். முக்கோண அளவைக்கு உயரமான இடங்கள் வேண்டும். ஒரு முனையில் நின்றால் அடுத்த முனை தெரிய வேண்டும். மற்ற சீமைகளில் குன்றுகள் இருந்தன. காவிரிச் சமவெளியில் குன்றுக்கு எங்கே போவது? கோயில்கள்தாம் இருந்தன. 1808-ல் நம்முடைய பெரிய கோயில் விமானத்தின்மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணம் அளக்கும் அதன் பெரிய வட்டம் நசுங்கிக் கோணிப்போயிற்று. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு ஆறு வாரம் போலப் பாடுபட்டு, ஆப்பு வைத்தும் திருகு முடுக்கியும் அந்த வட்டத்தைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். எனக்கு இந்த நிகழ்ச்சியில் பெரிதாகத் தோன்றுவது அந்த ஆறு வாரம்தான். கோணத்தில் விகலை என்ற மிகச் சிறிய அளவு பிசகினாலும் அளவை வீண் என்று நினைத்த ஒருவரால்தான் அது முடியும்.

அந்த அக்கறைக்குப் பலன் அரை நூற்றாண்டு கழித்துக் கிடைத்தது. முக்கோண அளவை வடக்கே இமயமலை அடிவாரத்தை நெருங்கியபோது, கலியானா, கலியான்பூர் என்ற இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரு பிசகு தெரிந்தது. நிலத்தை அளந்து பெற்ற இடைவெளிக்கும், நட்சத்திரங்களைப் பார்த்துப் பெற்ற இடைவெளிக்கும் 5 விகலைக்குச் சற்று மேல் வேறுபாடு. நட்சத்திரம் பார்க்கும்போது செங்குத்தைக் காட்டும் தூக்குக்குண்டை இமயமலை தன் பக்கம் இழுக்கிறது என்றால் காரணம் புரிகிறது. ஆனால் கல்கத்தாவில் இருந்த பாதிரியார் ஜான் பிராட் கணக்குப் போட்டுப் பார்த்தால், அவ்வளவு பெரிய மலை 15 விகலைக்கு மேல் இழுத்திருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குதான் இழுத்திருக்கிறது. இதற்கு 1855-ல் லண்டனில் ஜார்ஜ் ஏரி சொன்ன விளக்கம்: மலை வெறும் நிலத்தின்மேல் வைத்த சுமை அல்ல. எடை குறைந்த அந்தப் பாறை, எடை மிகுந்த கீழ்ப்பாறைக்குள் ஆழமாக அமிழ்ந்து மிதக்கிறது. உயரமான இடத்தில் மேலோடு கனமாக இருக்கும், தாழ்ந்த இடத்தில் மெலிந்திருக்கும். எண்ணம் பிறந்துவிட்டது. அளக்க வழி பிறக்க இன்னும் 54 ஆண்டு ஆயிற்று.

1909 அக்டோபர் 8. குரோஷியாவில் ஜாக்ரெப் நகருக்குத் தெற்கே குபா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு நிலநடுக்கம். அந்த நகர வானிலை ஆய்வகத்தின் தலைவர் ஆந்த்ரியா மோஹோரோவிசிச், சுற்றுவட்ட நாடுகளின் பதிவுகளையெல்லாம் கேட்டு வாங்கி மேசையில் பரப்பினார். ஒரே நடுக்கத்திலிருந்து முதல் அலை ஒன்று வர வேண்டிய இடத்தில், குறிப்பிட்ட தூரங்களில் இரண்டு வந்திருந்தன. கிட்டத்தில் இருந்த நிலையங்களுக்கு ஓர் அலை முதலில் வந்தது. தூரத்து நிலையங்களுக்கு இன்னொன்று அதை முந்திக்கொண்டு வந்தது. ஒன்றாகக் கிளம்பியவற்றில் பின்தங்கியிருந்தது முந்துவதற்கு ஒரே வழிதான் உண்டு: அது வேகமான பாதையில் போயிருக்க வேண்டும். ஆழத்தில், ஓர் எல்லைக்குக் கீழே, அலையின் வேகம் சட்டென்று கூடுகிறது. அந்த எல்லை சுமார் 54 கி.மீ. ஆழத்தில் என்று அவர் கணக்கிட்டார். அதற்கு மேலே இருப்பது மேலோடு, கீழே இருப்பது கவசம். எல்லைக்கு மோஹோ என்று அவர் பெயரின் முதற்பாதியையே வைத்துவிட்டார்கள்.

ஓர் உவமை சொல்கிறேன். வயல் நடுவே ஒரு குடிசை. இன்னொரு குடிசை அதே வயல்வெளியில் வெகு தொலைவில். வயலுக்கு இணையாகச் சற்றுத் தள்ளித் தார்ச்சாலை ஓடுகிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள். ஒருவர் வரப்பு வழியே நேராக நடக்கிறார். மற்றவர் குறுக்கே சாலைக்குப் போய், பஸ் ஏறி, இறங்கி, மறுபடி குறுக்கே நடக்கிறார். குடிசைகள் பக்கத்தில் இருந்தால் வரப்பில் நடந்தவர்தான் முதலில் சேருவார். தொலைவு கூடக் கூட ஒரு கட்டத்தில் இருவரும் ஒன்றாகச் சேருவார்கள். அதற்கும் மேல் பஸ்காரர்தான் முதல். அந்தச் சரிசமக் கட்டம் எத்தனை தூரத்தில் வருகிறது என்று தெரிந்து, நடை வேகமும் பஸ் வேகமும் தெரிந்தால், சாலை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று சாலையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். அதிர்வலை விலகல் ஆய்வின் உயிர் இதுதான். சாலை இருக்கும் தொலைவுதான் நாம் தேடும் ஆழம்.

நிலநடுக்கத்தை வைத்து அளப்பதில் ஒரு சிக்கல். அது எங்கே, எந்த நொடியில் நடந்தது என்பதையே நாம் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாமே வெடி வைத்தால் இடமும் தெரியும், நேரமும் தெரியும். ஜெர்மானியர் லுட்கர் மின்ட்ரோப் 1919-ல் இதற்குக் காப்புரிமை கோரினார். 1920-களில் அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையில் உப்புக் குவிமாடங்களையும் அவற்றை ஒட்டிய எண்ணெயையும் இந்த முறையில் தேடினார்கள். அதாவது எண்ணெய்க்கும் இந்த ஆய்வுக்கும் உறவு ஆரம்பத்திலேயே ஏற்பட்டுவிட்டது. அந்த உறவைப் பற்றிப் பிறகு பேசுவேன். இந்த அவையில் அதைப் பேசாமல் விட முடியாது.

இந்த அளவையை ஒரு வயலில் செய்து பார்க்க வெடிகூடத் தேவையில்லை. வெண்ணாற்றங்கரைப் பக்கம் ஒரு நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலம் சித்திரை. தை, மாசியில் வேண்டாம், தாளடி அறுத்த கையோடு உளுந்தும் பயறும் நிற்கும்; அதை மிதித்துக்கொண்டு வயர் இழுத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? பயறு பிடுங்கி நிலம் தரிசாகக் கிடக்கும்போது, மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்கு முன்னால், நமக்கு ஒரு நாள் போதும். இரண்டு மீட்டருக்கு ஒன்றாக 24 ஜியோபோன்களை நடுகிறோம். ஜியோபோன் என்பது கைக்கு அடக்கமான ஒரு பிளாஸ்டிக் கூடு, அடியில் விரல் நீள இரும்பு முள், உள்ளே காந்தமும் கம்பிச்சுருளும். தரை அசைந்தால் அதற்கு ஏற்ப மின்சாரம் எழும். சித்திரை வெயிலில் நம் களிமண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். வெடித்த மண்ணில் முள்ளைக் குத்தினால் அது ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் மேல்மண்ணை ஒரு சாண் தோண்டி, ஈரம் தட்டும் இடத்தில்தான் குத்த வேண்டும். பக்கத்தில் பம்புசெட் ஓடினால் நிறுத்தச் சொல்ல வேண்டும். தென்னை மரத்தடியில் நடவே கூடாது, காற்றில் மரம் ஆடினால் வேரும் தரையும் சேர்ந்து ஆடும். கோட்டின் முனையில் இரும்புத் தகடு வைத்து, சம்மட்டியால் ஓங்கி ஒரு போடு. சம்மட்டியில் கட்டிய பொத்தான் அந்த நொடியைக் கருவிக்குச் சொல்லிவிடும்.

காய்ந்த மேல்மண்ணில் அலை விநாடிக்கு 400 மீட்டர் போகிறது, நீர் ஊறிய மண்ணில் 1,600 மீட்டர் போகிறது என்று கொள்வோம். நிலத்தடி நீர் 5 மீட்டரில் இருந்தால், 13 மீட்டர் தொலைவில் உள்ள ஜியோபோனில் இரண்டு அலைகளும் ஒன்றாக வந்து சேரும். 20 மீட்டரில் உள்ளதில், மேலாக வரும் அலைக்கு ஆயிரத்தில் 50 பங்கு விநாடி ஆகும். நீர்மட்டம் வரை இறங்கி ஓடி வந்த அலைக்கு 37 பங்குதான். காகிதத்தில் தூரத்தையும் நேரத்தையும் புள்ளி வைத்தால் ஒரு கோடு சரிவாக ஏறி, 13 மீட்டரில் முறிந்து, அதற்கப்புறம் படுத்துக்கொள்ளும். அந்த முறிவில் 5 மீட்டர் ஆழம் எழுதியிருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்குத் தெரிந்த பிள்ளையால் அதைப் படித்துவிட முடியும். நம் மாவட்டப் பள்ளிகளில் ஒன்றிலாவது இதைச் செய்து காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது 5 மீட்டரை 35 கிலோமீட்டர் ஆக்குங்கள். மேலோட்டில் அலையின் சராசரி வேகம் விநாடிக்கு 6.3 கி.மீ., கவசத்தில் 8.1 கி.மீ. அதே கணக்கைப் போட்டால் முறிவு 198 கி.மீ. தொலைவில் விழுகிறது. இந்த எண்ணைக் கவனியுங்கள். வெடி வைத்த இடத்திலிருந்து 200 கி.மீ. வரைக்கும் மோஹோவிலிருந்து வரும் அலை முதலில் வராது, மற்ற அலைகளின் இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும். 250 கி.மீ.க்குப் போனால் இரண்டு விநாடி போல முந்தி வந்து தன்னைக் காட்டிக்கொள்ளும். ஆனால் திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் எவ்வளவு? 140 கி.மீ. போல. கல்லணை முதல் கடல் வரை நம் டெல்டா முழுவதும் அந்தக் கோட்டுக்குள் அடங்கிவிடுகிறது. டெல்டாவின் அடித்தளத்தை அளக்க டெல்டாவின் நீளம் போதாது. மேற்கே கரூரைத் தாண்டிப் போக வேண்டும், கிழக்கே கடலுக்குள் இறங்க வேண்டும். ஆழத்தை அளக்கத் தூரம் வேண்டும் என்று இந்தப் பேச்சுக்குப் பெயர் வைத்தது இதற்காகத்தான்.

ஒரு சலுகை உண்டு. மோஹோவில் பட்டுத் தெறித்து வரும் அலை இருக்கிறதே, அது 85, 90 கி.மீ. தொலைவிலிருந்தே வலுவாக வரும். முதலில் வராது, ஆனால் பலமாக வரும். பழகிய கண் அதைப் பதிவில் பிரித்தெடுத்துவிடும். அதனால்தான் இக்காலத்து ஆய்வுகள் விலகி வரும் அலையையும் தெறித்து வரும் அலையையும் சேர்த்தே படிக்கின்றன.

இந்தியாவில் இந்த வேலையை எடுத்துச் செய்தது ஹைதராபாதில் இருக்கும் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம். 1961-ல் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் எம். எஸ். கிருஷ்ணன், நம் தஞ்சைச் சீமையின் மகாராஜபுரத்துக்காரர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தலைவரான முதல் இந்தியர் அவரே. 1943-ல் அவர் எழுதிய இந்தியா, பர்மா நிலவியல் நூலைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் படித்திருக்கிறார்கள். கல்லே இல்லாத மண்ணில் பிறந்தவர் நாட்டின் கற்களுக்கெல்லாம் கணக்கு எழுதினார். அவருக்கு இந்த ஊரில் ஒரு நினைவரங்கம்கூட வைக்கலாம். தகுதி உண்டு.

அந்த நிறுவனம் 1970-களில் சோவியத் ஒன்றிய அறிவியலாளர்களோடு சேர்ந்து, ஆந்திரக் கரையில் காவலியிலிருந்து மேற்குக் கரையில் உடுப்பி வரை, தீபகற்பத்தின் குறுக்கே 600 கி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போட்டது. நாட்டின் முதல் ஆழ்நில அதிர்வு ஆய்வு அது. ஆழமான துளைகளில் வெடிமருந்தைப் பிரித்து இறக்கி, ஒரு வெடிக்கு அடுத்த வெடி என்று கோடு நெடுக நகர்ந்துகொண்டே போனார்கள். கே. எல். கைலாவும் அவர் கூட்டாளிகளும் 1979-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மோஹோ 34 முதல் 41 கி.மீ. ஆழத்தில் ஏறி இறங்கிக் கிடந்தது. தக்காணத்தின் மேலோடு ஒரே பலகை என்று அதுவரை நினைத்திருந்தோம். அது துண்டு துண்டாக, ஆழமான பிளவுகளால் பிரிந்து கிடக்கிறது என்பது அந்தக் கோட்டிலிருந்துதான் தெளிவாயிற்று.

தமிழ்நாட்டுக்குள் வந்த கோடு குப்பம் - பழனிக் கோடு. கிருஷ்ணகிரிக்கு வடக்கே ஆந்திர எல்லையில் இருக்கும் குப்பத்தில் தொடங்கி, தெற்கே இறங்கி, காவிரியைக் கடந்து, பழனிக்குப் போகிறது. இதன் முடிவுகளை இந்தியப் புவியியல் சங்கம் 2003-ல் தனித் தொகுதியாகவே கொண்டுவந்தது. அங்கே மேலோடு 40 கி.மீ.யை ஒட்டியும் அதற்கு மேலும் கனத்திருக்கிறது. நடு ஆழத்தில் அலை வேகம் குறைந்த ஓர் அடுக்கும் தெரிந்தது. நமக்கு வரும் அதே ஆறு, அங்கே கனமான மேலோட்டின்மேல் ஓடி வருகிறது.

வேகம் குறைந்த அந்த அடுக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விலகல் முறைக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. கீழே போகப் போக வேகம் கூடினால்தான் அலை வளைந்து மேலே திரும்பும். நடுவே மெதுவான அடுக்கு ஒன்று இருந்தால், அங்கிருந்து முந்தி வரும் அலை எதுவும் எழாது. அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் மோஹோவின் ஆழம் தவறாக வரும். தெறித்து வரும் அலைகளைச் சேர்த்துப் படித்தால்தான் அது பிடிபடும். இன்னொரு எச்சரிக்கை, நமக்கு இன்னும் முக்கியமானது. நம் பாறைத் தளம் கிழக்கே சரிகிறது. திருச்சிப் பக்கம் வெடி வைத்துக் கடல் நோக்கி அளந்தால், அலை போகப் போக ஆழம் கூடுவதால் வருகை தாமதப்பட்டு, பாறையின் வேகம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். கடற்பக்கம் வெடி வைத்துத் திருச்சி நோக்கி அளந்தால் கூடுதலாகத் தெரியும். ஆகவே ஒரு கோட்டை இரண்டு முனையிலிருந்தும் சுட வேண்டும். ஒரு முனையிலிருந்து மட்டும் அளந்து சொன்ன ஆழத்தை நான் நம்புவதில்லை, நீங்களும் நம்ப வேண்டாம்.

இனி நம் காலுக்கடியில். ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், இந்தியாவும் இலங்கையும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்த பெருநிலம் இழுபட்டுப் பிளந்தது. இழுபட்ட இடத்தில் மேலோடு மெலிந்தது, முறிந்து தாழ்ந்தது. தென்மேற்கிலிருந்து வடகிழக்காகப் பள்ளங்களும் அவற்றுக்கு இடையே முகடுகளுமாக நம் தளம் உருவாயிற்று. தரங்கம்பாடிப் பள்ளம், நாகப்பட்டினப் பள்ளம், தஞ்சாவூர்ப் பள்ளம். கும்பகோணம் முகடு, பட்டுக்கோட்டை - மன்னார்குடி முகடு. மேலே பார்த்தால் ஒரே சமவெளி. கும்பகோணத்தில் நிற்பவர் புதைந்துபோன ஒரு மலைத்தொடரின்மேல் நிற்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பள்ளங்களில் கடல் புகுந்தது. அந்தக் கடலின் விளிம்புதான் அரியலூர். அங்கே சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழிகளில் சுருள்சுருளான கடல் உயிர்களின் கல்லுடல்கள் கிடைக்கின்றன. 1860-களில் ஹென்றி பிளான்ஃபோர்டு அந்தப் படிவு அடுக்குகளை வரைபடமாக்கினார். அரியலூரில் வெளியே தெரியும் அந்த அடுக்குகள் கிழக்கே நம் வயல்களுக்கு அடியில் இறங்கிப் போகின்றன. ஆழமான பள்ளங்களில் படிவின் கனம் 5 கி.மீ.க்கு மேல். காவிரி நேற்றுக் கொண்டுவந்த வண்டல் அதன்மேல் ஒரு மெல்லிய தோல்.

5 கி.மீ. படிவு தங்க வேண்டுமென்றால் தளம் எவ்வளவு மெலிந்திருக்க வேண்டும்? ஏரி 1855-ல் சொன்ன மிதப்புக் கணக்கையே இங்கே போட்டுப் பார்க்கலாம். மெலிவதற்கு முன் மேலோடு 38 கி.மீ. என்று வையுங்கள். மேலோட்டுப் பாறையின் அடர்த்தி 2.8, கவசம் 3.3, படிவு 2.4. இரண்டு பக்கமும் எடை சமமாக வேண்டுமானால், பழைய பாறை 29 கி.மீ.யாக மெலிந்திருக்க வேண்டும். 9 கி.மீ. காணாமல் போயிருக்கிறது. மோஹோ 38-லிருந்து 34-க்கு ஏறி வந்திருக்கும். இது தோராயக் கணக்குத்தான், அளந்த அளவு அல்ல. ஆனால் எதைத் தேட வேண்டும் என்று இது சொல்கிறது: மேலே படிவு தடித்த இடத்தில், கீழே மோஹோ மேலேறியிருக்கும். நெல் விளையும் இந்தத் தாழ்ந்த நிலம் தாழ்ந்திருப்பதற்குக் காரணம், ஆழத்தில் மெலிந்த அந்தப் பாறை. ஆறு வந்து மண்ணைக் கொட்ட ஒரு பள்ளத்தை அது செய்து கொடுத்தது.

அக்கரையில் இதற்குச் சாட்சி இருக்கிறது. இலங்கையில் நிலநடுக்கப் பதிவு நிலையங்களை நிறுவி, தூரத்து நடுக்கங்களின் அலைகளை வைத்து மேலோட்டை அளந்து 2020-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நடு மலைநாட்டுக்குக் கீழே 38 முதல் 40 கி.மீ. மேற்குக் கரையோரம் 30 முதல் 35 தான். மன்னார்ப் படுகை இழுபட்டபோது மெலிந்த பகுதி அது. நாமும் அவர்களும் ஒரே பிளவின் இரு கரை. அந்தக் கரையின் அளவு தெரிந்த பிறகு, இந்தக் கரையின் அளவை அதோடு பொருத்திப் பார்க்காமல் எப்படி இருப்பது?

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன். ஓஎன்ஜிசி 1964-ல் காரைக்காலில் ஆழ்துளை போட்டது. 1980-களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது, 1993-ல் அங்கே சுத்திகரிப்பு ஆலை வந்தது. அன்றிலிருந்து சீஸ்மிக் சர்வே என்றாலே நம் ஊரில் எண்ணெய்க்காரர் வருகை என்றுதான் பொருள். வரப்போரம் துளை போட்டு, வெடி வைத்து, வயர் இழுத்துப் போவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அந்த ஆய்வுகளில் பெரும்பகுதி படிவுக்குள் எண்ணெய் தேங்கக்கூடிய மடிப்புகளைத் தேடும் எதிரொலிப்பு ஆய்வு. அதன் பின்னாலேயே துளைக்கருவி வரும். கதிராமங்கலத்தில் 2017-ல் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் ஓடியதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது; புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதும் எடுப்பதும் இங்கே தடை. அந்தத் தடை வேண்டியதுதான் என்பது என் உறுதியான கருத்து.

அதே உறுதியோடு இதையும் சொல்கிறேன். மேலோட்டின் கனத்தை அளப்பது வேறு வேலை. 35 கி.மீ. ஆழத்தில் எண்ணெயும் இல்லை, எரிவாயுவும் இல்லை. வெடி வைத்த இடத்துக்குப் பக்கத்தில் அதிர்வு உண்டு, அதனால் இடம் பார்த்துத்தான் வைக்க வேண்டும்; ஆனால் 200 கி.மீ. தள்ளி வந்து சேரும் அலை தரையை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அசைக்காது. வயல் கெடாது, ஊற்று வற்றாது. நம் அச்சம் எண்ணெய் எடுப்பதைப் பற்றியது, நியாயமானது. அந்த அச்சம் இந்த மண்ணைப் பற்றிய அறிவையும் சேர்த்து வெளியே நிறுத்திவிடக் கூடாது. டெல்டா தாழ்கிறது என்கிறோம். மேட்டூர் அணை 1934-ல் வந்த பிறகு மணலும் வண்டலும் குறைந்துபோனது ஒரு காரணம். நிலத்தடி நீரை உறிஞ்சுவது ஒரு காரணம். படிவு தன் எடையால் அமுங்குவது ஒன்று. இவற்றுக்கெல்லாம் அடியில், மெலிந்த மேலோடு கோடி ஆண்டுக் கணக்கில் மெல்ல அமிழ்வதும் இருக்கிறது. மனிதர் செய்தது எது, பாறை செய்வது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் அடித்தளத்தின் அளவு கையில் இருக்க வேண்டும்.

வெடியே வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு. 2004 டிசம்பர் 26 காலை 6.28-க்கு சுமத்ராவுக்கு அருகே பூமி பிளந்தபோது, அதன் முதல் அலை பூமிக்குள் ஊடுருவி நான்கு நிமிடம் சொச்சத்தில் நாகப்பட்டினத்துக்கு அடியில் வந்துவிட்டது. கடல் வந்தது இரண்டரை மணி நேரம் கழித்து. அந்த அலையைப் படிக்கவும் சொல்லவும் அன்று ஏற்பாடு இருந்திருந்தால் எத்தனை பேர் இன்று நம்மோடு இருந்திருப்பார்கள். நடுக்கங்களின் அலைகள் நம்மைக் கேட்காமலே நம் அடித்தளத்தை ஊடுருவிக்கொண்டிருக்கின்றன. தூரத்து நடுக்கத்தின் அலை மோஹோவைக் கடக்கும்போது அதன் ஒரு பகுதி மெதுவான வேறு அலையாக மாறி, முதல் அலைக்கு நாலரை விநாடி போலப் பின்னால் வரும். அந்த நாலரை விநாடியே 38 கி.மீ. இலங்கையில் பயன்பட்ட வழிகளில் இதுவும் ஒன்று. ஆனால் டெல்டாவில் இதற்கு ஓர் இடைஞ்சல்: நம் தடித்த படிவுக்குள் அலை மேலும் கீழும் மோதி எதிரொலித்து, மோஹோவின் குரலை மூடிவிடும். படிவின் கனத்தையும் வேகத்தையும் முதலில் அளந்து கழித்தால்தான் அது கேட்கும். அதை அளக்க மறுபடியும் விலகல் முறைதான் வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று நடக்காது.

நான் பார்க்க விரும்பும் கோடு இது. கரூருக்கு மேற்கே, பாறை வெளியே தெரியும் ஓர் இடத்தில், ஊருக்கும் கிணற்றுக்கும் விலகி ஒரு வெடிமுனை. அங்கிருந்து திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வரை இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு பதிவுக் கருவி. டெல்டாவுக்குள் ஒரு வெடிகூட வேண்டாம். கேட்கும் கருவி மட்டும் போதும். மறுமுனை கடலில். கப்பல் ஒன்று அழுத்தக் காற்றுத் துப்பாக்கியால் அலை எழுப்பிக்கொண்டே கரையிலிருந்து நூறு கிலோமீட்டர் வெளியே போகட்டும். மீன்பிடித் தடைக்காலமான சித்திரை, வைகாசியில் வைத்தால் நம் மீனவர்களின் வலைக்கு இடைஞ்சல் இராது, ஆனால் மீன் முட்டையிடும் பருவம் அது என்பதையும் எடைபோட்டு மீன்வளத்துறையோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பதிவுகளை இரவில் எடுக்க வேண்டும், பகலில் டிராக்டரும் லாரியும் விடாது. கருவிகளில் ஒரு பகுதியை ஊராட்சிப் பள்ளிகளின் பின்கட்டில் வைக்கலாம். ஆய்வு முடிந்த பிறகும் சிலவற்றை அங்கேயே விட்டுவைத்தால் தூரத்து நடுக்கங்களை அவை பதிந்துகொண்டிருக்கும். எடுத்த தரவு முழுவதும் பொதுவில், யாரும் படிக்கும்படி இருக்க வேண்டும். எந்த எண்ணெய் நிறுவனத்தின் பெயரும் பணமும் அதில் இருக்கக் கூடாது. எந்த ஊர் வழியாகக் கோடு போகிறதோ, அந்த ஊர்க் கிராமசபையில் அதன் முடிவைத் தமிழில் வந்து சொல்லிவிட்டுப் போக வேண்டும்.